ஏரி பச்சையாகிவிட்டது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கொளத்தூரில், ரெட்டேரிக்கு ஒரு தெரு தள்ளி. மழை பொய்த்ததிலிருந்து ஏரித் தண்ணீர் பெயிண்ட் கொட்டினாற்போல் பச்சையாகி நாறுகிறது. கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா? ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் கம்பியை விட்டதும் அது செங்கல் நிறமானது. மகளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தக் கம்பி வித்தையை முடித்துவிடுவோம். அவர் விட்டது மின்சாரம் பாயும் இரும்புக் கம்பி. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். நீங்கள் பார்த்தது அவர் கம்பியின் துரு, உங்கள் கிணற்றின் அழுக்கு அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் தெளிவாகவே இருக்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய 'சுத்தமான' தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சிவக்கும். இவர்கள் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை மட்டும்தான் காட்டும். கிருமியோ பாசியின் நஞ்சோ அதற்குத் தெரியாது. நிலத்தடி நீர் உப்பாகக் கிடக்கும் வடசென்னையில் அந்த மீட்டர் எந்த வீட்டிலும் வியாபாரிக்குத்தான் சாதகமாகப் பேசும்.

ஏரிக்கு வருவோம். வரத்து நின்று மட்டம் இறங்குகிறது, சாக்கடை மட்டும் நிற்பதில்லை. அதிலுள்ள சத்தும் வெயிலும் அசையாத நீரும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகும். ஒரு பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். பச்சை மேலே ஏடாகத் திரண்டால் பெரும்பாலும் அதுதான். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். இதில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினால் அந்த நஞ்சு போகாது. பாசி உடைந்து உள்ளிருப்பதும் வெளியே வந்துவிடும். ஆகவே பச்சைத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள், ஆடு மாடுகளுக்கும் காட்டாதீர்கள்.

ஆனால் உங்கள் கிணறு ஏரி அல்ல. இடையிலுள்ள மண் பாசியைப் பெருமளவு வடிகட்டிவிடும். கிணற்று நீர் தெளிவாக, வாடையில்லாமல் இருந்தால் பாசியை விட்டுவிட்டுச் சாக்கடைக் கசிவுக்குப் பயப்படுங்கள். கிருமிக்குக் காய்ச்சுவது போதும், நன்றாகக் கொதிக்கட்டும்.

குழந்தை விஷயம் வேறு. சாக்கடையோடு நைட்ரேட் என்ற உப்பும் கிணற்றில் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது கூடினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயக்கூடும். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டி நைட்ரேட் இன்னும் செறியும். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு ஆறு மாதம் வரை சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். வெந்நீர் புகட்டச் சொல்லும் பாட்டிமாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். புட்டிப்பால் என்றால் பரிசோதனை முடிவு வரும்வரை கிணற்று நீரில் கலக்கவே கூடாது. குழாயில் வரும் குடிநீர் வாரியத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. நைட்ரேட்டைக் குறைக்கும் என்பது உண்மைதான். அதை அந்தக் கம்பிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இலவசப் பரிசோதனை என்று வருபவரிடம் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அரசு ஆய்வகத்தில் விசாரித்து, அவர்கள் சொல்கிறபடி பிடித்துக் கொடுங்கள். 'கோலிஃபார்ம் (சாக்கடைக் கலப்பைக் காட்டும் கிருமி), நைட்ரேட் இரண்டும் பார்க்க வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பாசியை ஒழிக்கிறேன் என்று தெருவில் வசூல் செய்து மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொட்ட யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பாசி மொத்தமாகச் செத்து நஞ்சு ஒரே நேரத்தில் நீரில் இறங்கும், மீனும் மிதக்கும். சாக்கடை வாய் திறந்திருந்தால் பாசி திரும்ப வரும்.

அந்த வாயை அடைப்பது யார் வேலை? ஏரி நீர்வளத் துறைக்கு, கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு, மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கை காட்டுவார்கள், அதற்குள் மழைக்காலமே வந்துவிடும். மூன்று பேருக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற இருவருக்கும் நகல் என்று எழுதி, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.