சீடோர்ஃபும் ஒரு பெனால்டியும்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்து கால்பந்து வீரர் கிளாரன்ஸ் சீடோர்ஃப் மூன்று வெவ்வேறு கிளப்புகளுக்காக ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றவர். அது திறமையா, நல்ல அணிகள் அமைந்த அதிர்ஷ்டமா? பயிற்சியாளராகத் தோற்றுப்போனவர்தானே? என் மகனுக்குப் பிடித்த வீரர், அதனால் கேட்கிறேன். அவன் போன மாதம் பள்ளி ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டான். இனிமேல் அடிக்கப் போகாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

1995-இல் அயாக்ஸ், 1998-இல் ரியல் மாட்ரிட், 2003-லும் 2007-லும் ஏசி மிலான். அதிர்ஷ்டம் ஒருவர் பின்னாலேயே பன்னிரண்டு வருடம் நாடு நாடாகப் போகாது. இதற்கு மேல் அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை.

‘தோற்றுப்போனவர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். 2014 ஜனவரியில் பிரேசிலின் பொட்டாஃபோகோவில் ஆடிக்கொண்டிருந்தவரை மிலான் பயிற்சியாளராக அழைத்தது. அதுவரை 19 ஆட்டங்களில் 22 புள்ளிகள் எடுத்திருந்த அணி, அவர் வந்தபின் மீதி 19-இல் 35 எடுத்தது. ஜூனில் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த சீசனில் மிலான் பத்தாவது இடம். அப்புறம் சீனாவில் ஷென்சென், ஸ்பெயினில் டிபோர்டிவோ, கேமரூன் தேசிய அணி என்று போனார். எங்கும் நிலைக்கவில்லை, டிபோர்டிவோ இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியது. சரி, அது இருக்கட்டும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது?

1996 யூரோ கோப்பைக் கால் இறுதி, நெதர்லாந்து பிரான்ஸுக்கு எதிராக. சீடோர்ஃபுக்கு இருபது வயது. பெனால்டி ஷூட்அவுட்டில் இரு தரப்பிலும் தவறியது அவர் அடித்தது மட்டும்தான். அடுத்த ஏப்ரலில் துருக்கியுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மறுபடியும் அவரே பந்தை வைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது, நெதர்லாந்து 1-0 என்று தோற்றது. மான்செஸ்டரில் நடந்த 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மிலானும் யுவென்டஸும் ஷூட்அவுட்டுக்குப் போனபோது இங்கே பின்னிரவு. இரண்டாவது ஆளாக சீடோர்ஃப் நடந்து வந்தார். ஹாஸ்டல் டிவி முன்னால் நின்று “போகாதே” என்று கத்தினேன். யுவென்டஸ் கோல்கீப்பர் பஃபன் தடுத்துவிட்டார். ஆனால் மிலான் 3-2 என்று வென்றது, கோப்பையைத் தூக்கியவர்களில் அவரும் இருந்தார்.

நான் ஏன் கத்தினேன் தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் நானும் ஒரு பெனால்டியைத் தவறவிட்டேன். வீட்டில் இதே வார்த்தையைச் சொன்னார்கள். அடுத்த ஆட்டத்தில் கேப்டன் பந்தை நீட்டியபோது லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். வேறொருவன் போய் அடித்தான். நான் தவறவிட்ட பந்து எந்தப் பக்கம் போனது என்றுகூட இன்று நினைவில்லை. குனிந்தது மட்டும் மறக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகனை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். கோலில் நீங்களே நில்லுங்கள். இருட்டும்வரை அவன் அடிக்கட்டும்.