புது பிளாஸ்மா டி.வி., முதல் மாதம்

அன்புள்ள ஐயா,

2011 கிரிக்கெட் உலகக் கோப்பை முடிந்த கையோடு 42 இன்ச் பிளாஸ்மா டி.வி. வாங்கினோம். அலுவலக நண்பர் ஒருவர் பென் டிரைவில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று வெறும் கலர் படங்களாகப் போட்டுக் கொடுத்து, "இதை 100 மணி நேரம் ஓட்டு, அதுவரை யாரும் டி.வி. பார்க்கக் கூடாது" என்கிறார். அம்மா சீரியலை விடுவதாக இல்லை. இதே மாடல் வைத்திருக்கும் ஒருவருடைய செட்டிங் எண்களை அப்படியே போட்டுப் பார்த்தேன். படம் மஞ்சளாக, மங்கலாக இருக்கிறது என்று வீட்டில் சண்டை. ஐ.பி.எல். வேறு ஓடிக்கொண்டிருக்கிறது, மே 13 அன்று சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. ஸ்கோரும் செய்திப் பட்டையும் திரையில் பதிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? கேபிளில் சில சேனல்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கும் செட்டிங்தான் காரணமா?

எஸ்.,
நங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

அம்மா சீரியல் பார்க்கட்டும். பென் டிரைவை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை, ஆனால் அதற்காக வீட்டில் எல்லோரும் வெறும் சிவப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பிளாஸ்மா திரையை 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லாட்டோ, வில்சன் என்ற மூவர் உருவாக்கினார்கள், கணினி வழியாகப் பாடம் நடத்தும் ஒரு திட்டத்துக்காக. அது ஆரஞ்சு நிறம் ஒன்றைத்தான் காட்டியது. நியான் வாயு தானாக ஒளிர்ந்தது, அவ்வளவுதான். கலர் வேண்டும் என்றபோதுதான் பாஸ்பர் பூச்சு தேவைப்பட்டது. உங்கள் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி அறைகள் இருக்கின்றன. உள்ளே உள்ள வாயுவில் மின்சாரம் பாய்ந்ததும் புற ஊதாக் கதிர் கிளம்பி, சுவரில் பூசிய பாஸ்பரில் பட்டு, அதை ஒளிர வைக்கிறது. தேய்வது இந்தப் பூச்சுதான். புதிதாக இருக்கும்போது அதன் ஒளி சற்று வேகமாகக் குறையும், அப்புறம் நிதானத்துக்கு வந்துவிடும். மூன்றில் நீலம் சீக்கிரம் தேயும்.

ஆயுளை நினைத்துப் பயப்பட வேண்டாம். வெளிச்சம் பாதியாகக் குறைய 60,000 மணி நேரம், 1,00,000 மணி நேரம் ஆகும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. 60,000 என்றே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு 6 மணி நேரம் பார்த்தால் 27 வருடம் வரும். கவலைப்பட வேண்டியது தேய்மானம் ஒரே சீராக இல்லாமல் போவதைப் பற்றித்தான். திரையின் ஓரிடத்தில் ஒரே வெள்ளை எழுத்து நாள் முழுக்க நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேயும். புதுத் திரையில் இது இன்னும் சுலபமாக நடக்கும். திரை முழுக்க ஒரே சீராகத் தேயட்டும் என்று நண்பர் கலர் படங்களை ஓட்டச் சொல்வதும், முதல் 100, 200 மணி நேரம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வதும் அதனால்தான். உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதம்.

அந்த மாதம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெள்ளையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கான்ட்ராஸ்ட்டைப் பாதி அளவில் வையுங்கள். படம் திரை முழுக்க நிறையட்டும். இந்த 2011-இல் நம் சேனல்கள் பெரும்பாலும் பழைய சதுரக் கணக்கில் வருவதால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்; அந்த இடம் தேயாமல் நடுப்பகுதி மட்டும் தேயும். இப்போதைக்கு ஜூம் போட்டுவிடுங்கள். தலை கொஞ்சம் வெட்டுப்படும், பரவாயில்லை. கீழே ஓடும் செய்திப் பட்டையும் பாதி வெளியே போய்விடும், அதுவும் நல்லதுதான். ஒரே சேனலில் நாள் பூராவும் கிடக்காமல் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிக்சல் ஆர்பிட்டர் என்று மெனுவில் இருந்தால் போட்டுவிடுங்கள்; படத்தை அவ்வப்போது கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்திக்கொண்டே இருக்கும்.

இனி 'மஞ்சள்' விவகாரம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஷோரூமில் டி.வி. விவிட், டைனமிக் என்ற பெயரில் ஓடும். டியூப் லைட் வெளிச்சத்தில், பக்கத்து டி.வி.யைத் தோற்கடிக்கப் போட்ட செட்டிங் அது. வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும், கலர் தூக்கலாக இருக்கும். அதில் நம் ஆட்களின் முகத்தைப் பாருங்கள்: மாநிறம் என்று ஒன்றே கிடையாது, செங்கல் சிவப்பு, இல்லாவிட்டால் வெளிறிய சாம்பல். அரக்குப் பட்டில் நெசவே தெரியாது, சிவப்புத் திட்டாக நிற்கும். டி.வி. நிகழ்ச்சிகளில் வெள்ளை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 6,500 கெல்வின் (வெள்ளையில் எவ்வளவு நீலம், எவ்வளவு மஞ்சள் என்று சொல்லும் அலகு) என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான டி.வி.களில் சினிமா மோடும் வார்ம் என்ற நிறமும்தான் அதற்குப் பக்கத்தில் வரும். நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் அது மஞ்சளாகத்தான் படும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் பழைய மோடுக்குத் திருப்பினால், "என்ன இது, இவ்வளவு நீலமாக இருக்கிறது" என்று அம்மாவே கேட்பார்.

இன்னொருவருடைய எண்களை மட்டும் போடாதீர்கள். ஒரே மாடலிலும் ஒரு பேனல் போல இன்னொன்று இருப்பதில்லை. அவர் வீட்டு அறை வெளிச்சமும் வேறு. கண்ணால் பார்த்தே செய்யலாம். இரவில், வழக்கமாகப் பார்க்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கறுப்புப் பின்னணியில் கருங்கூந்தல் தெரியும் ஒரு காட்சியை நிறுத்துங்கள். பெயர் பிரைட்னஸ் என்றாலும் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். அதைக் குறைத்துக்கொண்டே போனால் முடி இழைகள் ஒட்டி ஒரே கறுப்பாகிவிடும். அங்கிருந்து இழை பிரியும் வரை ஏற்றி, அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கறுப்பு வெளிறிவிடும், பிளாஸ்மா வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவது ஷார்ப்னஸ் அதிகமாக இருப்பதால்தான். வெளிச்சத்தைத் தானே மாற்றும் ஈகோ (Eco) என்ற மின்சிக்கன வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் வைத்தது நிற்காது.

கான்ட்ராஸ்ட்டைக் கடைசியில், ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மே 13 அதற்குத் தோதான நாள். எந்தச் செய்திச் சேனலைத் திருப்பினாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேட்டியின் மடிப்புகள் தெரிகிற வரைக்கும் ஏற்றலாம். மடிப்பு மறைந்து வெறும் வெள்ளையானால் ஒரு படி இறக்குங்கள்.

அன்று காலையிலிருந்து இரவு வரை ஒரே சேனலின் முடிவுப் பலகையை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஐ.பி.எல்.லுக்கும் இதேதான். ஒரு ஆட்டம் 3 மணி நேரத்துக்கு மேல் போகும், ஆனால் நடுநடுவே விளம்பரம் வருவதால் ஸ்கோர் பட்டை ஓயாமல் நிற்பதில்லை. ஆட்டம் முடிந்து கறுப்புத் திரையில் லேசாக நிழல் தெரிந்தால் பதறாதீர்கள். அது பெரும்பாலும் தற்காலிகம். திரை நிறைய அசையும் படம் ஏதாவது கொஞ்ச நேரம் ஓடினால் போய்விடும். நிரந்தரமாகப் பதிவதற்கு அதே படம் நீண்ட நேரம் அசையாமல், திரும்பத் திரும்ப நிற்க வேண்டும்.

கடைசியாகக் கேபிள். புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு செட்டிங் காரணம் இல்லை. இந்த 2011-இல் சென்னையில் இலவச சேனல்களைப் பாக்ஸ் இல்லாமல் நேராக வயரிலேயே பார்க்கலாம் என்பதால், பல வீடுகளில் அனலாக் என்ற அந்தப் பழைய வகை சிக்னல்தான் இன்னும் ஓடுகிறது. சின்ன டி.வி.யில் மறைந்திருந்த அழுக்கெல்லாம் 42 இன்ச்சில் வெளியே வரும். எல்லாச் சேனலையும் செட் டாப் பாக்ஸ் வழியாகவே பாருங்கள், நாற்காலியை எட்டு, ஒன்பது அடி தள்ளிப் போடுங்கள். டி.வி.டி. பிளேயரை மஞ்சள் முனை வயரில் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முனை உள்ள கம்போனென்ட் வயரோ எச்.டி.எம்.ஐ. வயரோ வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. பல டி.வி.கள் ஒவ்வொரு இணைப்புக்கும் செட்டிங்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அதனால் பாக்ஸுக்குச் செய்ததை டி.வி.டி.க்கும் ஒரு முறை செய்துவிடுங்கள்.