ஏரி நிறைய ட்ரவுட், ஆனால் ஒன்றும் வளர மாட்டேன் என்கிறதே!

கேள்வி: சான் ஹோசேயில் வசிக்கிறோம். ஆகஸ்ட் மாதம் நண்பர்கள் ஐந்து பேர் சியரா நெவாடா மலையில் மாமத் லேக்ஸ் ஊரிலிருந்து நடந்துபோய், ஜான் மியூர் வில்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் ஒரு சின்ன ஏரிக்கரையில் கூடாரம் போடுவது வழக்கம். 10,500 அடி உயரம். தூண்டிலைப் போட்டதும் ட்ரவுட் மீன் கடிக்கிறது. ஆனால் எல்லாமே ஆறேழு அங்குலம். தலை பெரிது, உடம்பு ஒல்லி. வளரட்டும் என்று பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிடுகிறோம். வருஷங்கள் போயும் அதே அளவுதான். என்ன செய்யலாம்? வேறு ட்ரவுட் குஞ்சுகளைக் கொண்டுபோய் விடலாமா?

பதில்: பிடித்ததைச் சாப்பிடுங்கள். உங்கள் ஏரிக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம் அதுதான். திரும்ப விடுவது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், பல ஏரிகளில் அது சரியும்கூட. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், உங்கள் ஏரியில் சோறு கொஞ்சம், வாய் அதிகம்.

முதலில் மீன் எது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கருத்த உடம்பில் வெளிறிய புள்ளிகள், முதுகில் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு, கீழ்த் துடுப்புகளின் முன் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. இவை இருந்தால் அது புரூக் ட்ரவுட். ரெயின்போ, கோல்டன் என்ற மற்ற ட்ரவுட் வகைகளில் இது நேர்மாறு: வெளிறிய உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். ரெயின்போவும் கோல்டனும் முட்டையிட அநேகமாக ஓடுநீர் வேண்டும்; ஏரிக்கு நல்ல ஓடை இல்லையென்றால் அவை பெருகுவது கடினம். புரூக் ட்ரவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலையுதிர் காலத்தில், ஏரித்தரையில் ஊற்று கசியும் சரளைக்கல் இடம் கிடைத்தால் அங்கேயே முட்டையிட்டுவிடும்.

அந்த உயரத்தில் ஏரி வருஷத்தில் பாதிக்கு மேல் பனிக்கட்டி மூடிக் கிடக்கும். மீன் வளரக் கிடைப்பது கோடையில் சில மாதங்கள். பெரிய பூச்சிகளையும் தண்ணீரில் மிதக்கும் சின்ன உயிர்களில் பெரியவற்றையும் முன்பே தின்று தீர்த்திருக்கும். மிச்சம் இருப்பது கொசு அளவுப் பூச்சிகள்தான். நம் ஊர்க் குளத்தில் ஜிலேபி கெண்டையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1952-இல் இந்தியாவுக்கு வந்த அந்த மொசாம்பிக் திலேப்பியா, உள்ளங்கை அளவிலேயே முட்டையிட்டுக் குளத்தை நிரப்பிவிட்டு, அதற்கு மேல் வளராமல் நின்றுவிடும்.

அடுத்த முறை ஒரு மீனை அறுத்துத் தட்டைக்கல் மேல் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் ஆறங்குல மீனின் வயிற்றில் மஞ்சள் முட்டைச் சரம் இருந்தால் அது குஞ்சு இல்லை, வயதுக்கு வந்த மீன். இரைப்பையைக் கீறினால் கருப்பு மிளகுத்தூள் போலச் சின்னச்சின்னக் கூட்டுப்புழுக்கள் இருக்கும். காற்றடித்த நாளானால் நாலு எறும்பு. அவ்வளவுதான் அதன் சாப்பாடு.

“இன்னும் சின்னது, வளரட்டும்” என்று நீங்கள் விட்ட மீன் உங்கள் பிள்ளையைவிட மூத்ததாக இருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதே கிழக்குச் சியராவில் பன்னி (Bunny) ஏரி என்று ஒன்று உண்டு. அங்கே விட்ட புரூக் ட்ரவுட் 24 வயது வரை வாழ்ந்ததைக் கலிபோர்னியாவில் பதிவு செய்திருக்கிறார்கள். வழக்கமாக அந்த மீனுக்கு ஆயுள் நாலைந்து வருஷம்தான். குளிரும் பசியும் சேர்ந்து வளர்ச்சியை நிறுத்தி ஆயுளை நீட்டிவிடுகின்றன.

சரி, எவ்வளவு எடுக்கலாம்? கலிபோர்னிய ஏரிகளில் பொதுவாக ஒருவருக்கு நாளைக்கு 5 ட்ரவுட். உங்கள் ஏரிக்குத் தனி விதி உண்டா என்று அந்த வருஷத்து விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 16 வயது நிரம்பியவர் எல்லோரிடமும் உரிமம் இருக்க வேண்டும். ஐந்து பேர், மூன்று நாள் என்றால் 75 மீன். கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் ஐந்து மீனும் சேர்ந்து கால் கிலோ தேறினால் அதிகம். செதில் சுரண்ட வேண்டியதில்லை. உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் தடவி அடுப்பில் வறுத்தால் முள்ளோடு மென்றுவிடலாம். மரங்கள் அருகிப்போகும் அந்த உயரத்தில் பல இடங்களில் விறகுத் தீ கூடாது, அதனால் கேஸ் அடுப்பு எடுத்துப்போங்கள். கரடி நடமாடும் காடு. மீன் கழிவை என்ன செய்வது என்று பெர்மிட் வாங்கும்போதே ரேஞ்சரிடம் கேட்டுவிடுங்கள்.

இதில் அதிக ஆசை வைக்க வேண்டாம். இரண்டு மூன்று ஏக்கர் ஏரியில் சில நூறு மீன் மட்டும் இருந்தால், வருஷா வருஷம் இப்படி எடுப்பது மிச்சத்தின் உடம்பில் தெரியும். ஆயிரக்கணக்கில் இருந்தால் 75 போனது அதற்கு உறைக்கவே உறைக்காது. ஒரு வருஷம் எடுத்துவிட்டு நிறுத்தினால், மிஞ்சியவை நன்றாகத் தின்று இன்னும் அதிகமாக முட்டையிட்டுப் பழைய நிலைக்கே வரும். பத்து அங்குலத்தைத் தாண்டிய மீன் அபூர்வமாக மாட்டினால் அதை மட்டும் விடுங்கள் என்பேன். அந்த அளவுக்கு வந்தது சின்ன மீனைத் தின்னும்.

குஞ்சு விடும் யோசனையை மறந்துவிடுங்கள். அனுமதியில்லாமல் உயிர்மீனைக் கொண்டுபோய் விடுவது குற்றம். இருக்கிற பசியில் இன்னொரு வாயைச் சேர்ப்பது எப்படித் தீர்வாகும்? ஐடஹோ மாநில மீன்துறை இதே பிரச்சினைக்கு டைகர் மஸ்கி என்ற கலப்பின வேட்டை மீனை மலை ஏரிகளில் விட்டிருக்கிறது. பிறக்கும் குஞ்சு எல்லாம் ஆணாகவே இருக்கும்படி வளர்த்த புரூக் ட்ரவுட்டையும் விட்டுப் பார்க்கிறது. இரண்டும் துறை செய்ய வேண்டிய வேலை.

இந்த மீனே அங்கே வந்தேறிதான். பனியாறு செதுக்கிய அந்த உயர ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே கிடையாது, அருவிகளைத் தாண்டி ஏற முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோவேறு கழுதை மேல் பால் கேனில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், அப்புறம் விமானத்திலிருந்து கொட்டினார்கள். புரூக் ட்ரவுட்டின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம். இதில் அடிபட்டது மஞ்சள்கால் தவளை. அதன் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு மூன்று வருஷம் ஆகும், எனவே குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். அங்கேதான் அதைத் தின்னும் ட்ரவுட்டும் இருக்கிறது. பின்னால் வந்த பூஞ்சை நோயும் சேர்ந்து, 2014-இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சில ஏரிகளில் வலை போட்டு மீனை முழுக்க எடுத்த பிறகு தவளை திரும்பியிருக்கிறது. உங்கள் ஏரிப் பக்கம் அதைப் பார்த்தால் தொடாதீர்கள். இடத்தைக் குறித்து உங்கள் மாநில மீன்துறைக்குச் சொல்லுங்கள்.

பெரிய மீன்தான் வேண்டுமென்றால், கடி குறைவாக இருக்கும் ஏரியைத் தேடுங்கள். அரை நாள் உட்கார்ந்தும் இரண்டே மீன், இரண்டும் கொழுகொழுவென்று இருந்தால் அங்கே நிலைமையே வேறு. அந்த ஏரியில் நுனியில் எதிர்முள் இல்லாத கொக்கி போடுங்கள், கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், தண்ணீருக்குள் வைத்தே கழற்றி விட்டுவிடுங்கள்.