2024-ல் இந்தியக் கால்பந்து அணி ஒரு போட்டியில்கூட ஜெயிக்காததற்கு, ஜூனில் தோஹாவில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் அடித்த அந்தக் கோல்தான் காரணமா?

இல்லை. அந்தக் கோல் அநியாயம் என்பதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்த ஆண்டை நாம் தோஹாவில் தொலைக்கவில்லை. அதற்கு இரண்டரை மாதம் முன்பே குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தொலைத்துவிட்டோம், அதுவும் சொந்த மண்ணில், ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024-ல் ஆண்கள் அணி ஆடியது 11 சர்வதேசப் போட்டிகள். 6 தோல்வி, 5 டிரா, வெற்றி பூஜ்யம். அடித்த கோல் 4, வாங்கியது 15. இந்த 4 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதற்கு வருகிறேன்.

2023-ஐ நினைத்துப் பார்த்தால்தான் இந்த வீழ்ச்சி புரியும். அந்த ஆண்டு மூன்று கோப்பைகள். இம்பாலில் முத்தரப்புத் தொடர், புவனேஸ்வரில் லெபனானை 2-0 என வீழ்த்தி இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் குவைத்தைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று தெற்காசிய அணிகளின் சாஃப் கோப்பை. ஃபிஃபா தரவரிசையில் 99-ஆம் இடம் வரை போனோம். எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் மூன்றும் நம் நாட்டில் நடந்த தொடர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தாய்லாந்துக்கும் அக்டோபரில் மலேசியாவுக்கும் போன அணி ஒரு வெற்றியும் இல்லாமல்தான் திரும்பியது. நவம்பர் 16-ஆம் தேதி குவைத் மண்ணில் மன்வீர் சிங் கோலில் 1-0 என ஜெயித்தது மட்டும் உண்மையிலேயே பெரிய விஷயம். அதற்கடுத்த வெற்றிக்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேல் காத்திருக்கப்போகிறோம் என்று அன்று யாருக்குத் தெரியும்!

ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா இருந்த குழு. முதல் போட்டியில் ஆஸ்திரேலியாவை இடைவேளை வரை கோல் அடிக்க விடாமல் நிறுத்தியதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். முதல் பாதியில் அணித் தலைவர் சுனில் சேத்ரிக்கு ஒரு நல்ல ஹெட்டர் வாய்ப்புகூட வந்தது, வெளியே போய்விட்டது. இடைவேளை முடிந்து ஐந்து நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் சரியாகத் தட்டிவிடாத பந்து ஜாக்சன் இர்வின் காலுக்குப் போக, கதை மாறியது. 0-2. உஸ்பெகிஸ்தானிடம் 0-3, நான்காவது நிமிடத்திலேயே முதல் கோல். சிரியாவிடம் 0-1. மூன்று போட்டியில் ஒரு கோல்கூட இல்லை. அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் மூவரும் காயத்தால் வரவில்லை என்பது நியாயமான சாக்குதான். அது போதாதென்று சிரியா போட்டியில் சந்தேஷ் ஜிங்கனும் காயப்பட்டு, நவம்பர் வரை அணிப் பக்கமே வர முடியவில்லை. தரவரிசை 102-லிருந்து ஒரே அடியாக 117.

சரி, ஆசியக் கோப்பையில் பெரிய அணிகளிடம் தோற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆப்கானிஸ்தான்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் குழுவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். முதல் இரண்டு இடம் பிடித்தால் மூன்றாம் சுற்று. இந்தியா அதுவரை போகாத இடம் அது. உலகக் கோப்பை 48 அணிகளாக விரிந்து, ஆசியாவுக்கு இடங்கள் கூடியதால் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருந்தது. அங்கே போனால் ஆசியாவின் பெரிய அணிகளோடு பத்துப் போட்டிகள், கூடவே 2027 ஆசியக் கோப்பைக்கு நேரடி இடம். குவைத்தை அவர்கள் ஊரிலேயே ஜெயித்த அணிக்கு இது எட்டாத உயரம் கிடையாது.

மார்ச் மாதம் ஆப்கானிஸ்தானுடன் இரண்டு போட்டிகள். அவர்கள் தரவரிசையில் 158. தங்கள் சம்மேளனத்தோடு தகராறு காரணமாக முக்கிய வீரர்கள் பலர் ஆட மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் ஆட முடியாத அணி என்பதால் அவர்களின் 'ஹோம்' போட்டியே சவுதியின் அபாவில் நடந்தது. அங்கே 0-0. வாய்ப்புகள் வந்தன, உள்ளே போகவில்லை.

நான்கைந்து நாளில் குவாஹாத்தி. சேத்ரியின் 150-ஆவது சர்வதேசப் போட்டி. 38-ஆவது நிமிடத்தில் அவரே பெனால்டியை கோலாக்கினார், அவருக்கு 94-ஆவது கோல். அதோடு இரண்டாவது கோலை அடித்து முடித்திருக்க வேண்டிய போட்டி. இரண்டாம் பாதியில் நம் ஆட்டத்தைப் பார்த்தால், முன்னிலையில் இருக்கும் அணி மாதிரியே இல்லை. பந்து காலுக்கு வந்ததும் தூரமாக அடித்து விடுவது, அது திரும்ப வருவது, மறுபடி அடித்து விடுவது. 70-ஆவது நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார். 88-ஆவது நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி, ஷரீஃப் முகம்மது அடித்தார், 1-2. எதிரணிப் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஆஷ்லி வெஸ்ட்வுட். பெங்களூரு எஃப்சியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய அதே ஆள். நம் வீரர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் சேத்ரியின் விடைபெறும் போட்டி. அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்த உணர்ச்சியைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டதால் நான் எழுதப்போவதில்லை. 0-0, அவ்வளவுதான். ஜெயித்தே ஆக வேண்டிய போட்டியில் நாம் ஒரு கோல் அடிக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து தோஹா. கத்தார் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதால் இளம் வீரர்களைத்தான் அதிகம் இறக்கியது. 37-ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே கோல் அடித்தார். அந்த ஆண்டின் மிக நல்ல அரைமணி நேரம் எது என்று கேட்டால் அதற்கடுத்த முப்பது நிமிடத்தைத்தான் சொல்வேன். 73-ஆவது நிமிடம். ஃப்ரீ கிக்கில் வந்த பந்தை யூசுஃப் அய்மன் தலையால் முட்ட, குர்பிரீத் தடுத்துவிட்டார். அவர் தரையில் கிடக்கிறார், பந்து மெதுவாக உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. கார்னர் என்று நினைத்து நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அல் ஹஷ்மி அல் ஹுசைன் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். தென் கொரிய நடுவர் கோல் என்றார். வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் அந்தச் சுற்றில் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து ரீப்ளே பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, மைதானத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்குத் தெரியவில்லை. 85-ஆவது நிமிடத்தில் அல் ராவி இரண்டாவது கோல். முடிந்தது.

இப்போது குழுவின் கடைசி நிலவரத்தைப் பாருங்கள். கத்தார் 16 புள்ளி, குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தானுக்கும் 5. குவாஹாத்தியில் அந்த 1-0-ஐக் கடைசிவரை காப்பாற்றியிருந்தால் நமக்கு 8 புள்ளி. தோஹாவில் அதே அநியாயத்தோடு அதே 1-2 தோல்வியை வாங்கிக்கொண்டும் மூன்றாம் சுற்றுக்குப் போயிருப்போம். குவைத்தோடு கொல்கத்தாவில் ஒரே ஒரு கோல் அடித்திருந்தாலும் கதை வேறு. நடுவரைத் திட்டுவது சுலபம், அதில் ஒரு திருப்தியும் இருக்கிறது. ஆனால் ஆப்கானிஸ்தானோடு ஆடிய 180 நிமிடத்தில் ஒரு பெனால்டியைத் தவிர கோலே இல்லை என்பதை எந்த நடுவர் தலையில் கட்டுவது?

நம் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் வேலை போனது ஜூன் 17-ஆம் தேதி. மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் விலகிவிடுவேன் என்று மார்ச்சிலேயே சொன்னவர், கடைசியில் சம்மேளனம்தான் அனுப்பிவைத்தது. ஜூலையில் மனோலோ மார்க்கேஸ் வந்தார், எஃப்சி கோவா பயிற்சியாளர் பதவியை விடாமலே. ஒரே ஆள் கிளப்பையும் நாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று முடிவெடுத்தவர்களை என்ன சொல்வது. ஹைதராபாத்தில் மொரிஷியஸுடன் 0-0, சிரியாவிடம் 0-3, அக்டோபரில் வியட்நாமில் 1-1, நவம்பரில் மறுபடி ஹைதராபாத்தில் மலேசியாவுடன் 1-1. இதில் மொரிஷியஸ் போட்டியை முழுதாகப் பார்த்தவர்களுக்கு என் அனுதாபங்கள்.

இப்போது அந்த 4 கோலுக்கு வருவோம். சேத்ரியின் பெனால்டி ஒன்று. விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில் ஆடும் சாங்தே ஒன்று, வியட்நாமில் அதே மாதிரி விங்கர் ஃபரூக் சௌத்ரி ஒன்று. மலேசியாவுக்கு எதிராக கார்னரில் தலையால் முட்டிய ராகுல் பேக்கே ஒன்று, அவர் தடுப்பாட்டக்காரர். ஆக, பதினொரு போட்டிகளில் ஸ்ட்ரைக்கர் என்று சொல்லப்படும் ஒருவர் பெனால்டி இல்லாமல் அடித்த கோல் எத்தனை? ஒன்றுமில்லை.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நம் நாட்டு லீக்கான ஐஎஸ்எல்-லில் அணிகள் களத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம். எந்தப் பயிற்சியாளரும் அதில் ஒரு இடத்தை கோல் அடிக்கும் ஆளுக்குத்தான் கொடுப்பார், வேலை முக்கியம் ஆயிற்றே. நம் பையன்கள் விங்குக்கு நகர்வார்கள், இல்லை பெஞ்சில் உட்காருவார்கள். வருடம் முழுக்க கிராஸ் போட்டுப் பழகிய ஒருவரை நான்கு நாள் முகாமில் ஒன்பதாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கர் ஆக்கிவிட முடியாது. இருபது வருடம் சேத்ரி ஒருவர் இருந்ததால் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. 2024-ல் அவருக்கு 39 வயது, தெரிந்துவிட்டது.

அடுத்து என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் ஓய்விலிருந்த சேத்ரியையே திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என ஜெயித்தோம், அதில் ஒரு கோல் 40 வயதுக்காரர் அடித்தது. மூன்றாம் சுற்றுக்குப் போயிருந்தால் ஆடவே தேவையில்லாத 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றை அப்புறம் ஆடினோம். வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1, அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. ஆசியக் கோப்பையும் போச்சு.