கலங்கிய தோட்டக் குளத்திலிருந்து தங்கமீன்களை இடம் மாற்றுவது: கேள்வி பதில்

வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்கள், மழைக்கு முன் குளத்தைச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள், வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் என்று பலர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, உள்ளே மீன் இருக்கிறது, பிடிக்க முடியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: வலை வாங்கப் போவதற்கு முன்னால், மீன் போய்ச் சேரப் போகிற தொட்டியைத் தயார் செய்யுங்கள். பிடிக்கும்போது சாகிற மீன் குறைவு, போன இடத்தில் ஒரு வாரத்துக்குள் சாவதுதான் அதிகம்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: அண்ணா, பின்பக்கம் பத்தடிக்கு ஆறடி சிமெண்ட் குளம், இரண்டரை அடி ஆழம். தண்ணீர் கரும்பச்சை. கைவலையால் அரை நாள் துழாவியும் ஒரு மீன்கூட மாட்டவில்லை. என்ன செய்வது?

துரத்துவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்கிற அளவுக்கு அதில் நாலாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும், அவ்வளவு தண்ணீரில் மீனைத் துரத்தி யாரும் பிடிக்க முடியாது. கலங்கலில் கண் தெரியாவிட்டாலும் மீனுக்கு உடம்பின் பக்கக்கோட்டில் தண்ணீரின் அசைவு தெரிந்துவிடும், வலை வருவதற்குள் விலகிவிடும். தண்ணீரை அரை அடிக்கு இறக்கிவிட்டால் மீதி எண்ணூற்றைம்பது லிட்டர்தான், அப்புறம் வேலை சுலபம்.

முதலில் குளத்துத் தண்ணீரில் கொஞ்சத்தை டிரம்மில் பிடித்து வையுங்கள், மீனை வைக்க அது வேண்டும். பிறகு அல்லி, தாமரைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வையுங்கள், ஏனென்றால் தண்ணீர் இறங்க இறங்க எல்லா மீனும் அதற்கடியில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரை ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் இறக்கி, கூடையைச் சுற்றிக் கொசுவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: யாராவது குளத்துக்குள் இறங்குவதற்கு முன் மோட்டாரின் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீருக்குள் கிடக்கும் பழைய மோட்டாரில் கசிவு இருந்தால் உயிர் போகும்.

அரை அடிக்கு வந்ததும் இரண்டு பேர் நைலான் கொசுவலையை அகலமாகப் பிடித்து, அடிப்பக்கம் தரையில் உரச, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நடந்து வாருங்கள். புடவை, வேட்டி வேண்டாம், துணிக்குள் தண்ணீர் புகாது, மீன் பக்கவாட்டில் ஓடிவிடும். மூலையில் ஒதுங்கியதும் கிண்ணத்தால் முகருங்கள்.

அதே கேள்வியின் தொடர்ச்சி: விடியற்காலையில் செய்யலாமா? வெயில் ஆகாதே.

வெயில் ஆகாது, உண்மை. ஆனால் பச்சைத் தண்ணீரில் இருட்டு விலகும் நேரம்தான் மீனுக்கு மிக மோசமான நேரம். பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி முழுக்க மீனோடு சேர்ந்து அதையே எடுத்துக்கொள்ளும், ஆக விடியும்போது தண்ணீரில் மிச்சம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் அடிச்சேற்றையும் கிளறினால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். போதாததற்குச் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரைதான். ஏழரை, எட்டு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள், முந்தின ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். அடியில் கறுப்புச் சேறு இருந்து, கிளறும்போது அழுகின முட்டை வாடை வந்தால், நிறுத்திவிட்டு முதலில் மீனை எடுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம்.

மதுரை வாசகி: படிகாரம் போட்டுத் தெளிய வைத்துவிட்டுப் பிடிக்கலாமா? எங்கள் பாட்டி தேத்தாங்கொட்டை உரைப்பார்.

தேத்தாங்கொட்டை குடத்துத் தண்ணீருக்கு அருமையான பொருள், மண் துகளை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைக்கும். குளத்தில் அது நிற்காதும்மா. தங்கமீனின் குணமே தரையை வாயால் கிளறி இரை தேடுவதுதான், நீங்கள் படிய வைத்ததை அரை மணியில் திரும்பக் கலக்கிவிடும். படிகாரம் வேண்டவே வேண்டாம். மழைத் தண்ணீர் போன்ற மென்மையான நீரில் அமிலத்தன்மையைச் சட்டென்று கூட்டும், அலுமினியம் செவுளையும் பாதிக்கும். பிடிப்பதற்குத் தெளிவான தண்ணீர் தேவையில்லை, குறைவான தண்ணீர் போதும்.

புதுக்கோட்டைக்காரர் ஒருவர்: எங்கள் பக்கம் கண்மாயில் ஊத்தா குத்தித்தான் பிடிப்போம். கலங்கல் தண்ணீருக்கு அதைவிட நல்ல கருவி உண்டா?

கண்மாய்க்கு இல்லை. அடி அகன்று வாய் குறுகின அந்தக் கூடையைக் குத்தினால் விளிம்பு சேற்றில் புதைந்து அடைத்துக்கொள்ளும், மேல் வாயில் கையை விட்டு மீனை எடுக்கலாம். சிமெண்ட் தரையில் விளிம்பு புதையாது, இடுக்கில் மீன் நழுவும், நழுவாத மீன் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கும். கண்மாய் மீன் குழம்புக்குப் போகிறது, செதில் போனால் பரவாயில்லை. இது உயிரோடு பல வருடம் இருக்க வேண்டிய மீன், ஒரு செதில் பெயர்ந்த இடத்தில்கூட பூஞ்சை பிடிக்கும். அதனால் கையையும் நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், காய்ந்த கை மேல்தோல் வழவழப்பை உரித்துவிடும்.

ஒரண்டா, கருப்பு மூர் வகைத் தங்கமீன்கள் வைத்திருக்கிறேன். வலையில் தூக்கலாமா?

தூக்காதீர்கள். வலை அவற்றை ஓட்டி வர மட்டும். துருத்திய கண்ணும் தலைச்சதையும் வலைக் கண்ணியில் உரசினால் கிழியும். தண்ணீருக்குள்ளேயே கிண்ணத்தை அடியில் கொடுத்து, தண்ணீரோடு மொத்தமாக எடுங்கள்.

சென்னையிலிருந்து கோவைக்குக் காரில் கொண்டுபோக வேண்டும். பக்கெட்டில் வைத்துப் போகலாமா?

ஒரு மணி நேரப் பயணமென்றால் மூடியுள்ள பக்கெட், பேட்டரி ஏர் பம்ப் போதும். கோவை எட்டு, ஒன்பது மணி நேரம். கெட்டியான பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் இருட்டாக வையுங்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டால் ஆக்சிஜன் அடித்தே கட்டித் தருவார்கள். சாண் நீள மீனுக்கு ஒரு பைக்கு ஒன்றுதான். கிளம்புவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள், பட்டினியால் தங்கமீன் சாகாது, பைக்குள் அது போடும் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவால்தான் சாகும்.

போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் கலக்க வேண்டும் என்கிறார்கள், இன்னொருவர் உடனே விடச் சொல்கிறார். எது சரி?

பயண நேரத்தைப் பொறுத்து இரண்டும் சரி. நீண்ட பயணத்தில் மீன் விட்ட கரியமில வாயு பையில் தேங்கி, தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா கொடியதாகிவிடும். அந்த நேரத்தில் திறந்த பையில் முக்கால் மணி நேரம் வைத்துக் கலந்துகொண்டிருந்தால் மீனை விஷத்தில் ஊறப்போடுவதாகும். அதனால் கோவைக்காரர் பையைத் திறக்காமலே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, பிறகு திறந்து, மீனை மட்டும் எடுத்து விட்டுவிட வேண்டும், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. பக்கத்துத் தெருவுக்கு மாற்றுகிறவர் நிதானமாக அரை மணி நேரம் கலந்து விடலாம்.

தாம்பரம்: நல்ல தண்ணீரில்தான் விட்டேன் சார், நாலாவது நாள் இரண்டு மீன் செத்துவிட்டது. குளத்துச் சாக்கடையில் நன்றாகத்தானே இருந்தது?

உங்களைப்போல் கேட்டவர்கள்தான் அதிகம். அந்தக் "சாக்கடை"யில் மீனின் கழிவைத் தின்னும் பாக்டீரியா சுவரிலும் கல்லிலும் பிடித்திருந்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் வேலை அங்கே தானாக நடந்தது. கண்ணாடிபோல் இருக்கும் புதுத் தொட்டியில் அது இல்லை, உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை மீன் தன் கழிவிலேயே நிற்கிறது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் வேறு. இப்போது செய்ய வேண்டியது: தீனியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரில் கடையில் விற்கும் ஆன்டி குளோரினைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குச் சேருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு ஒரு தடவை போட்டால் நைட்ரைட்டின் பாதிப்பு குறையும், அதன் பிறகு மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும். பழைய குளத்து ஃபில்டர் ஸ்பாஞ்சு இன்னும் ஈரமாக இருந்தால் கழுவாமல் அப்படியே புது ஃபில்டரில் வையுங்கள். மற்றவர்கள் இதை மீன் பிடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

எல்லாம் எடுத்துவிட்டோம், சேற்றை அள்ளிக் கொட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தங்கமீன் குஞ்சு பிறக்கும்போது தங்க நிறத்தில் இருக்காது. மாதக்கணக்கில் மங்கின பழுப்பாக, சேற்றின் நிறத்திலேயே இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு கை சேறாக வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குப்பை நகராது, குஞ்சு துடிக்கும். சேற்றில் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிவிடுங்கள், தண்ணீர்ப் பாம்பு ஒதுங்கியிருக்கும். அதற்கு விஷமில்லை, ஆனால் கடிக்கும்.

நிறைய இருக்கிறது. மிச்சத்தைப் பக்கத்து ஏரியில் விட்டால் பிழைத்துப் போகட்டுமே?

தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் பர்ன்ஸ்வில் நகரில் 2021இல் ஏரியிலிருந்து பிடித்த தங்கமீன்கள் ஒரு பந்து அளவுக்குப் பெருத்திருந்தன, வீட்டு மீனை ஏரியில் விடாதீர்கள் என்று நகர நிர்வாகமே கெஞ்ச வேண்டியிருந்தது. அடியைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, நீர்ச்செடிகளைப் பிடுங்கி, உள்ளூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஏரிகளில் தொட்டியிலிருந்து போன டேங்க் கிளீனர் மீன் படுத்துகிற பாடே போதும். மீன் கடைக்காரரிடம் சும்மா கொடுங்கள், பெரிய குளம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

மீனில்லாத குளம் இரண்டு மாதம் அப்படியே கிடக்கும். பரவாயில்லையா?

மழை பெய்து தேங்கினால் ஒன்றரை வாரத்துக்குள் கொசு பறக்கும். வடிகால் இருந்தால் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை இறைத்து விடுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் கொசுப்புழுவைத் தின்னும் சின்ன கப்பி மீன் நாலை அதில் விட்டு வையுங்கள், வேலை தொடங்குகிற அன்றைக்கு அவற்றைப் பிடிப்பது சிரமமில்லை.