கேள்வி – பதில்: கால்வாய்க் கரையில் சைக்கிள்

கேள்வி: மே மாதம் பிரான்சின் துலூஸில் அக்காவிடம் போகிறேன். அங்கிருந்து கனால் து மிடி கால்வாய்க் கரையோரமாகக் கடல்வரை சைக்கிளில் போகலாமா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: தாராளமாகப் போகலாம். கால்வாயின் நீளம் சுமார் 240 கிலோமீற்றர். ஆறு நாள் ஒதுக்குங்கள். முதல் 50 கிலோமீற்றர் வழவழப்பான தார்ப்பாதை. அதற்குப்பிறகு பெரும்பாலும் மண்தான். கரை மரங்களின் வேர்கள் பாதையில் புடைத்து நிற்கும். ஒல்லி ரயரில் வேகமாக ஏறினால் ரியூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். 38 மில்லிமீற்றர் ரயரே நல்லது. மழையில் சேறு மட்காட்டை அடைக்கும்; பக்கத்துச் சிறு வீதிக்கு ஏறிவிடுங்கள். அங்கே பல சைக்கிள்களில் காற்றடிக்க மெல்லிய பிரெஸ்டா வால்வு, நம்மூர்ப் பம்ப் பொருந்தாமல் போகலாம். கிராமக் கடைகளை மதியத்தில் பூட்டுவார்கள், ஞாயிறு பின்னேரமும் அப்படித்தான். பாணைக் காலையிலேயே வாங்கிவையுங்கள். குழாயில் 'நோன் பொத்தாபிள்' என்றிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.