பள்ளியில் முதலிடம், கோச்சிங்கில் பதினான்காம் இடம்

கேள்வி: பத்தாம் வகுப்பில் 500-க்கு 489 எடுத்துப் பள்ளியில் முதலிடம் வந்தேன். இப்போது பிளஸ் டூ. கூடவே நீட் கோச்சிங். இரவு 1 மணி வரை படித்து 5 மணிக்கு எழுகிறேன். அப்படியும் வாரத் தேர்வில் 14-ஆவது இடத்தைத் தாண்ட முடியவில்லை. டெஸ்ட் நாளன்று காலையில் வயிற்றைப் பிரட்டுகிறது. தெரிந்த விடைகூட மறந்துபோகிறது. படிக்கும் நேரத்தை இன்னும் ஒரு மணி கூட்டலாமா?
- மாணவி, நாமக்கல்

பதில்: கூட்ட வேண்டாம். குறைக்கத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒரு வேலை. கடைசி மூன்று டெஸ்ட் தாள்களை எடுத்து, தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'தெ' அல்லது 'க' என்று எழுதுங்கள். பாடமே தெரியாமல் விட்டது 'தெ'. கவனம் பிசகி விட்டது 'க': 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது' என்று வாசித்தது, கணக்கில் மைனஸ் குறியை விழுங்கியது, ஓஎம்ஆரில் பக்கத்து வட்டத்தை நிரப்பியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் 'க'தான் வரிசைகட்டி நிற்கும். 'தெ' குறைய வேண்டுமானால் படிக்க வேண்டும். 'க' குறைய வேண்டுமானால் தூங்க வேண்டும்.

நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. தெரிந்த கேள்வி ஒன்றைக் கோட்டைவிட்டால் 5 மதிப்பெண் வித்தியாசம். ஆறு கேள்விக்கு 30. தூக்கத்தில் திருடிய ஒரு மணி நேரம் இதை ஈடுகட்டாது. உங்கள் வயதுக்கு 8 மணி நேரமாவது தூங்க வேண்டும். பகலில் படித்தது மூளையில் நன்றாகப் பதிவதும் அப்போதுதான். ஒரேயடியாக 10 மணிக்குப் படுத்தால், படிக்கவில்லையே என்ற குற்ற உணர்விலேயே புரண்டுகொண்டிருப்பீர்கள். முதல் வாரம் 12 மணி, அடுத்த வாரம் 11, அப்புறம் 10 என்று இறங்குங்கள். எழுவதையும் 5-லிருந்து 6 மணிக்குத் தள்ளுங்கள். மாலை 5-க்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரமானாலும் அதன் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

14-ஆவது இடம் சறுக்கல் இல்லை. உங்கள் கோச்சிங் வகுப்பில் ஏதாவது ஒரு பள்ளியின் முதல் மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ரேங்க்கை விட்டுவிட்டு, தாளுக்குத் தாள் 'க' எத்தனை குறைந்தது என்பதை மட்டும் குறித்து வாருங்கள்.

வயிற்றுப் பிரட்டலை யாராவது நடிப்பு என்றால் நம்பாதீர்கள். பயம் வந்தால் செரிமானம் மந்தமாகும், அவ்வளவுதான். அன்று வெறும் வயிற்றோடு கிளம்பாமல் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். அறையில் கை நடுங்கினால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி ஐந்து முறை செய்யுங்கள். களைப்பு ஓயாமல் இருந்தால் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அதற்கு மருத்துவம் வேறு.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எவ்வளவு?" என்று வீட்டில் கேட்கிறார்களா? மார்க் பேச்சு ஞாயிறு மாலை மட்டும் என்று அப்பாவிடம் பேசி வையுங்கள். நீங்கள் கேட்டால் மறுப்பார் என்று தோன்றினால், இந்தப் பதிலையே காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், டெஸ்ட் அட்டவணையை ஓரம் வைத்துவிட்டு அம்மாவிடம் உடனே சொல்லுங்கள். 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண். நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.